பாலின் தொப்பி

அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற நினைப்பு ஞானப்பூவுக்கு வந்ததும் வந்தது, மேடையில் ஏறி உட்கார்ந்து, சால்வையும் போர்த்தி முடித்த பிறகுதானா வரவேண்டும். காரில் வரும்போது வந்திருந்தால் வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். கொழுந்தன் கிளாட்ஸ்டன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நேரம் தவறினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், என்றாலும் திருப்பியிருப்பார். வாசலில் பன்னீர் தெளித்த பிள்ளைகளிடமாவது ஒரு போனை வாங்கி, பக்கத்து வீட்டு லில்லியைக் கூப்பிட்டு, ஜன்னல் வழியாக மோந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். இப்போது ஒன்றும் நடக்காது. மேடையில் ஒரே வரிசையாக நாற்காலிகள், முன்னால் வெள்ளைத் துணி விரித்த நீள மேசை, முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி பேனர். வலது பக்கம் குருவானவர், அவருக்கு அப்பால் யாரோ ஓர் அதிகாரி, அவருக்கும் அப்பால் கல் உபயம் செய்தவர். இடது பக்கம் ஸ்காட்லாந்திலிருந்து வந்திருக்கும் பிடில்காரப் பெண் மோரக், மடியில் பெட்டியோடு. எந்தப் பக்கம் எழுந்து போனாலும் அத்தனை பேரும் முழங்காலை மடக்கி வழிவிட வேண்டும். கீழே மண்டபம் கொள்ளாத ஜனம். இந்த வயதில் ஒரு பொம்பளை கூட்டத்துக்கு நடுவே எழுந்தால் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் பாவம் என்று வேறு சொல்லுவார்கள். பால் பாக்கெட்டை வெட்டினாள், அது நினைவிருக்கிறது. பாத்திரத்தில் ஊற்றினாள். லைட்டர் சொடக்கிச் சொடக்கிக் கடைசியில் பற்றியது, அதுவும் நினைவிருக்கிறது. வாசலில் ஹாரன். அப்புறம் கண்ணாடி, கைப்பை, சாவி, பூட்டு, பூட்டை இழுத்துப் பார்த்தது. ஹாரனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கை போய்க் குமிழைத் திருகியதா என்றால் அந்த இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. யாரோ துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருக்கிறது. பால் பொங்கி அடுப்பு அணைந்து, காஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று டி.வி.யில் காட்டியிருக்கிறார்கள். காட்டாமல் இருந்திருக்கலாம்.

கிளாட்ஸ்டன் மைக்கைப் பிடித்திருந்தார். பிடித்தால் விடமாட்டார், வகுப்பெடுத்த பழக்கம். இன்றைக்கு இந்த மண்டபத்துக்குப் பெயர் வைக்கிறார்கள். வாசற்படிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கருங்கல்லைப் பதித்து, மேலே பச்சைச் சாட்டின் துணியைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு கயிற்றை மேடைவரை இழுத்து வைத்திருக்கிறார்கள். துணிக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஞானப்பூவுக்குத் தெரியும், கல்வெட்டுகிறவரிடம் கொடுப்பதற்கு முன்னால் கிளாட்ஸ்டன் அவளுக்கு வாசித்துக் காட்டினார். ‘பாலின் தொப்பி என்று உலகமெங்கும் வாசிக்கப்படும் பிடில் மெட்டைத் தந்த பால்பாண்டி அவர்கள் நினைவாக.’ பால்பாண்டி, அவள் வீட்டுக்காரர் தங்கையாவின் பூட்டனார், மலைத் தோட்டத்தில் ஒரு ஸ்காட்லாந்து துரைக்கு பட்லராக இருந்தவர். கல்லில் அவருடைய தலைப்பாகையையும் கொத்தியிருக்கிறார்கள், அது தொப்பிக்காக. நன்றாக வந்திருக்கிறது மைனி, மடிப்பு மடிப்பாகத் தெரியுது என்று கிளாட்ஸ்டன் சொன்னார். தங்கையா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, அவர் படம் மேடையின் ஓரத்தில் மாலையோடு சாய்ந்திருக்கிறது. படத்திலும் பிடில் இருக்கிறது. ஞானப்பூ செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. அவளைக் கூப்பிடும்போது எழுந்து, மைக்கில் ரெண்டு வரி சொல்லவேண்டும். என் கணவரின் பூட்டனார் பால்பாண்டி அவர்கள் தந்த இந்த மெட்டு எங்கள் குடும்பத்தின் சொத்து, அதை உலகுக்கு அர்ப்பணிக்கிறோம். காரில் வரும்போது கிளாட்ஸ்டன் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார், அவளும் சொன்னாள். அர்ப்பணிக்கிறோம் என்கிற இடத்தில் நாக்கு தடுக்கியது, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், இன்னொரு தரமும் சொன்னாள். அந்த மும்முரத்தில்தான் அடுப்பை மறந்திருக்கிறாள். அவள் சொல்லி முடித்ததும் கயிற்றை இழுப்பார்கள். இழுத்துவிட்டால் முடிந்தது. கல்லில் வெட்டினதை யார் போய்த் திருத்துவது.

மோரக் எழுந்தாள், ஜனம் கைதட்டியது. சிவந்த கை, சிவந்த கழுத்து, நம் ஊர் வெயில் ஒரே நாளில் அவளை வதக்கியிருந்தது. அவள் ஒரு வரி பேச கிளாட்ஸ்டன் நாலு வரி பெயர்த்தார். அவள் ஊரில் இந்த மெட்டைத் தெரியாத பிடில்காரர் கிடையாதாம். கல்யாணத்துக்கும் வாசிப்பார்களாம், சாவுக்கும் வாசிப்பார்களாம். யார் கட்டினது என்று யாருக்கும் தெரியாது, பாரம்பரியம் என்று மட்டும் போட்டிருப்பார்களாம். கதை ஒன்று உண்டு. பால் என்று ஒருத்தன், மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை, அவன் தொப்பி மட்டும் கரையில் ஒதுங்கியது, பெண்டாட்டி அந்தத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடியே இருந்தாள், அதுதான் மெட்டு. முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஞானப்பூவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுவரை வந்து, சால்வைக்கு அடியில் நின்றுகொண்டது. என்னமாய்க் கட்டுகிறார்கள். தொப்பியாம், கரையாம். ஐம்பது வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் ஒருத்தனைப் பெற்று, வளர்த்து, கட்டிவைத்து, கடலில் தள்ளி, பெண்டாட்டியையும் அழவைத்துவிட்டார்கள். மோரக் மேலே சொன்னாள், பல வருஷம் தேடிய பிறகு எனக்குத் தெரியவந்தது, அந்த மெட்டை எங்கள் ஊரில் முதலில் வாசித்தவர் காலம் என்கிற ஒருவர், அவர் வாலிபத்தில் இந்த ஊரில் ஒரு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் விபத்தில் செத்துப்போனார், எந்தப் பாட்டை எங்கே கற்றார் என்று யாரிடமும் சொல்லவில்லை, அதனால் பாலைத் தேடிக்கொண்டு இங்கே வந்தேன். இங்கே வந்து பார்த்தால் பால்பாண்டி கையில் கிடைத்தார் என்று கிளாட்ஸ்டன் முடித்துவைத்தார். அதை மோரக் சொல்லவில்லை.

சால்வை கழுத்தில் உறுத்தியது. எடுக்கக்கூடாது, போர்த்தினவர்களுக்கு எதிரே எடுத்தால் மரியாதை இல்லை. வேர்வை முதுகுத்தண்டு வழியாக இறங்கி இடுப்பில் நின்றது. எதிரே ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் குடித்தால் அப்புறம் எழுந்திருக்கவேண்டி வரும். ஸ்டவ் பக்கத்தில் நின்றபோதும் இப்படித்தான் இருந்தது, என்று நினைத்தாள். முதுகில் வேர்வை, நகர முடியாது. கல்யாணமாகி வந்த புதிது, அந்த வீட்டில் பம்ப் ஸ்டவ். மாமனாருக்குக் காலையும் மாலையும் பால் வேண்டும், மாமியாருக்குப் பால் பொங்கி வழிந்தால் ஆகாது. பாலை வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் பொங்கிவிடும், பார்த்துக்கொண்டே நின்றால் பொங்கவே பொங்காது, உலகத்தில் எந்தப் பாலுக்கும் அதுதான் குணம். இங்கே பார்த்துக்கொண்டு நில்லு, அப்படி இப்படி நகராதே என்று மாமியார் சொன்னாள். நின்றாள். அந்த வீட்டில் ஞானப்பாட்டைத் தவிர வேறு பாட்டுக் கூடாது, மருமகள் வாயைத் திறந்து பாடுவது அதுவும் கூடாது. வாயைத் திறந்தால்தானே. ஸ்டவ் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது, அந்த இரைச்சல் மேலேயே உதட்டை மூடிக்கொண்டு மூக்கால் ஒன்று இழைத்தாள். முதலில் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது, பாலும் அப்போது சும்மாதான் கிடக்கும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரும்போது ஒரு சுரம் மேலே ஏறியது, ஏறி மறுபடி உட்கார்ந்தது. ஆடை சுருங்கி நடுவில் தூக்கும்போது இரண்டாவது அடி ஆரம்பிக்கும், அது ஏறிக்கொண்டே போகும், உச்சிக்கு வரும்போது கை தானாகப் போய் ஸ்டவ் காற்றைத் திருகி இறக்கிவிடும். மெட்டும் இறங்கும், பாலும் இறங்கும். ஒரு வாரத்தில் அவள் பாலைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். மெட்டு முடிந்தால் பால் காய்ந்தது என்று அர்த்தம். ஸ்டவ்வுக்கு முன்னால் நிற்கிற நேரம் மட்டும் அவளுடையதாக இருந்தது, வீட்டில் வேறு எந்த நேரமும் அவளுடையதாக இல்லை. அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று கூடத் தோன்றியதில்லை. இன்றைக்கு அதைச் சாவுக்கு வாசிக்கிறார்களாம். அரை லிட்டர் பாலுக்கான பாட்டு அது.

தங்கையா நல்ல மனுஷர், அதை மறைப்பானேன். கோவிலில் ஞானப்பாட்டுக்குப் பிடில் வாசிப்பார், வீட்டிலும் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பார், காதில் விழுந்ததை எல்லாம் பிடித்துவிடுவார். அடுக்களையிலிருந்து வந்ததையும் பிடித்தார். முதல் அடியைப் பிடித்தார், இரண்டாவது அடிக்குத் திரும்பும்போது மட்டும் அவருக்கு எப்போதும் மறந்துபோகும். வில்லை நிறுத்திவிட்டு அடுக்களைப் பக்கம் பார்ப்பார், அவள் ம்ம்ம் என்று எடுத்துக்கொடுப்பாள், அவர் தொற்றிக்கொண்டு ஏறுவார். அவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் அந்த வீட்டில் நடந்த கொஞ்சல் அவ்வளவுதான், அதற்கே அவள் முகம் சிவந்துபோகும். அப்படி ஒரு சாயங்காலம் காலம் வந்தான். பெயரைக் கேட்டுச் சிரித்தாள், மனுஷனுக்குக் காலம் என்று ஒரு பெயரா. செம்பட்டைத் தாடி, தரையில் சம்மணம் போட்டு உட்காரத் தெரியாமல் காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, தன் பிடிலையும் எடுத்துவந்திருந்தான். தங்கையா இதை வாசித்துக் காட்டினார். திருப்பத்தில் வழக்கம்போல நின்றார். அடுக்களையிலிருந்து அவள் வழக்கம்போல எடுத்துக்கொடுத்தாள், பிறத்தியார் இருக்கிறார் என்பதையே மறந்து. காலம் தலையை நிமிர்த்தி அடுக்களை வாசலைப் பார்த்தானாம், தங்கையா பிறகு சொன்னார். அவன் தன் பிடிலை எடுத்து அப்படியே வாசித்தான், நின்ற இடத்தில் அவனும் நின்றான், பாட்டே அப்படித்தான் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது, அவள் மறுபடி எடுத்துக்கொடுத்தாள். வாசித்துவிட்டு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டான். தங்கையாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் கூச்சம். முழித்தார். அவன் கேட்ட சத்தத்தில் அவளும் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள், அந்த ஒரு நிமிஷத்தில், அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் முதலாக, பின்னால் சுர்ர் என்று கேட்டது.

“பால் பொங்கிட்டு” என்று கத்தினாள் ஞானப்பூ.

காலம் தலையை ஆட்டினான், சந்தோஷமாக. பால்ஸ் பானெட், என்றான். பானெட் என்றால் அவர்கள் ஊரில் தொப்பியாம். தங்கையாவும் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார், சங்கடம் தீர்ந்தது. உள்ளே மாமியார் அவளைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி முழுக்க வீட்டில் தீய்ந்த பால் வாடை. அப்போதே யாராவது சிரித்து, இல்லை துரை, அது பேர் இல்லை, அடுப்பில் பால் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். மாமியார் திட்டிக்கொண்டிருக்கும்போது யார் சிரிப்பது. இப்போது மட்டும் என்ன வாழ்கிறது, இப்போதும் தீய்ந்துகொண்டுதான் இருக்கும். பாத்திரம் போனால் போகிறது. காஸ் குழாயை மாற்றி எவ்வளவு நாளாகிறது. லில்லி வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, நடுவில் ஒற்றைச் சுவர். எழுந்து சொல்லிவிடலாமா, குருவானவர் காதிலாவது. ஐயா, எங்கள் வீட்டு அடுப்பு. அவர் கண்ணை மூடியிருந்தார், ஜெபமா தூக்கமா தெரியவில்லை.

அப்புறம் எத்தனையோ வருஷத்துக்கு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. காஸ் அடுப்பு வந்தது, சத்தமில்லாத அடுப்பு, மெட்டு மட்டும் தொடர்ந்தது. மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்தார்கள். ஒருநாள் வெளிநாட்டில் வேலை பார்க்கிற கிளாட்ஸ்டன் பையன் போனில் ஒன்றைப் போட்டுக்காட்டினான், ஏதோ சாராயக்கடையில் வெள்ளைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து பிடில் வாசிக்கிறார்கள். தங்கையா கண்ணாடியைத் தேடினார், காதுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்காமல் அவளே எடுத்துக்கொடுத்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை ஞானப்பூ எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாள். “ஏட்டி, இது நம்ம பாட்டுல்லா” என்றார். நம்ம. அந்த ஒரு வார்த்தை போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. நம்ம என்றால் நீயும் நானும். அன்று பால் காய்ச்சும்போது வாயைத் திறந்தே பாடினாள், இனிமேல் யார் கேட்டால் என்ன. மறுவாரம் கிளாட்ஸ்டன் வந்தார், தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கையா அவளிடம் சொல்லும்போது அது எங்க பாட்டு ஆயிற்று. எங்க என்றால் தம்பியும் அண்ணனும், அவர்கள் குடும்பம். அவள் காப்பி டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றாள், எங்க என்கிற வார்த்தை அவளை அப்படியே வெளியே விட்டுக் கதவைச் சாத்தியது. போனில் பெயர் பால் என்று போட்டிருக்கே என்று கிளாட்ஸ்டன்தான் ஆரம்பித்தார். நம்ம பூட்டனார் பேர் பால்பாண்டி அல்லவா. ஸ்காட்லாந்து துரை வீட்டில் அல்லவா இருந்தார். தலைப்பா கட்டின படம்கூட இருக்கே. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க அடுக்கத் தங்கையா முகம் மலர்ந்துகொண்டே போனது, ஒருநாளும் அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை, கோவிலில் கடைசி வரிசையில் பிடில் வாசித்த மனுஷருக்கு ஒரு வம்சம் கிடைத்தது. அதைப் போய் எப்படிக் கெடுப்பது. எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லையே, என்று நினைத்தாள். கோபம் பிறகு வந்தது, அவர் இல்லாதபோது வந்தது, அதை யார்மேல் காட்டுவது.

பொய் சொன்னாரா, மறந்தேபோனாரா. இதற்குமட்டும் அவளுக்கு விடை கிடைத்ததில்லை, இரண்டு வருஷமாக இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவர் விரல் போர்வைமேல் தாளம் போடும். ரெண்டாவது அடி எப்படிட்டி போகும் என்று கேட்டார்.  கட்டிலுக்குக் குனிந்து, காதுக்குப் பக்கத்தில், மூடின வாயால் எடுத்துக்கொடுத்தாள், அந்தக் காலத்தில் கொடுத்த மாதிரியே. அவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டு, ஆமா, பூட்டனார் அப்படித்தான் வாசிப்பார் என்றார். பூட்டனாரை அவர் பார்த்ததே இல்லை, அவர் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர். ஞானப்பூ போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.  கிளாட்ஸ்டனிடம் போன மாதம் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள், தம்பி, அது நான் பால் காய்ச்சும்போது இழைச்சதுல்லா என்று. அவர் சிரித்தார், நல்ல மனதோடுதான் சிரித்தார். அண்ணன் வாசிச்சு வாசிச்சு உங்களுக்கே வாயில வந்துட்டு மைனி, என்றார்.  காகிதம் கிடையாது, சாட்சி கிடையாது. காலம் செத்துப்போனான், தங்கையாவும் போனார், மாமியாரும் போனாள். அவள் ஒருத்திதான் மிச்சம், அவளையும் இங்கே நடுவில் உட்காரவைத்துப் போர்த்திக் கட்டியாயிற்று. இன்றைக்குச் சொன்னால் உண்டு. சொன்னால் அந்தப் படத்தில் இருக்கிற மனுஷர் பொய்யராவார், ஊர் முன்னால், மாலையோடு. சொல்லாவிட்டால் அந்தக் கயிறு.

மோரக் பிடிலைத் தோளில் வைத்தாள். வாசிப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னாள், கிளாட்ஸ்டன் இந்தத் தடவை ஒரு வரிக்கு ஒரு வரியாகத்தான் பெயர்த்தார், அவருக்கே இது புதிது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாதியில் பிடில் நின்றுவிடும். அப்போது வீட்டில் இருக்கிற பெண்கள் வாயைத் திறக்காமல் அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் பிடில் சேர்ந்துகொள்ளலாம். கடற்கரையில் காத்திருக்கிற பெண்டாட்டியின் குரல் அது என்பார்கள். பெண்கள் யாரும் இல்லாத இடத்தில் இந்த மெட்டை வாசிக்கக்கூடாது, வாசித்தால் பாதியோடு நிறுத்திவிடவேண்டும். ஞானப்பூ நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சட்டென்று எதுவும் ஓடவில்லை, அடுப்பு கூட ஓடவில்லை. ஏதோ ஒரு குளிர்ந்த தேசத்தில், பேர் தெரியாத வீடுகளில், பேர் தெரியாத பொம்பளைகள் வாயை மூடிக்கொண்டு, அவள் மாமியார் வீட்டு அடுக்களையில் நின்றமாதிரி நின்று, அவள் வீட்டுக்காரருக்கு மறந்துபோனதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக. வில் இறங்கியது. முதல் அடி சுற்றியது, சும்மா கிடக்கிற பாலைப்போலச் சுற்றியது, ஓரத்தில் குமிழ் விட்டது, மேலே ஒரு சுரம் ஏறி உட்கார்ந்தது, எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைக்கூட அவர்கள் மாற்றவில்லை. திருப்பத்துக்கு வந்தது. நின்றது. மோரக் வில்லைத் தூக்கியபடி மண்டபத்தைப் பார்த்தாள். மண்டபம் அவளைப் பார்த்தது. யாருக்குத் தெரியும். மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக, ஒரே சுருதியாக. எங்கோ ஒரு பிள்ளை இருமியது. மோரக் கொஞ்சம் சிரித்து, வில்லைக் கீழே இறக்கப்போனாள்.

ஞானப்பூவின் உதடு மூடித்தான் இருந்தது. மூக்கிலிருந்து வந்தது, முதலில் கரகரவென்று, பிறகு தெளிந்து. இறக்கப்போன வில் அப்படியே நின்றது. மோரக் திரும்பிப் பார்த்தாள். மெட்டு ஆடையைச் சுருக்கிக்கொண்டு நடுவில் தூக்கியது, ஏறியது, இன்னும் ஏறியது, பிடில் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டது, இரண்டும் சேர்ந்து விளிம்புக்கு வந்தபோது அவளுடைய வலது கை நாற்காலியின் கையை விட்டு எழுந்து, வெறும் காற்றில் ஒரு குமிழைப் பிடித்து, திருகியது. மெட்டு இறங்கியது. அவளுக்கு அப்போது தெரிந்தது. காலையிலும் இழைத்தாள். ஹாரன் சத்தத்துக்கு நடுவிலும் இழைத்து முடித்துவிட்டுத்தான் கண்ணாடியைத் தேடினாள். இழைத்தால் கை திருகாமல் இருக்காது. அடுப்பு அணைந்துதான் இருக்கிறது, லில்லி வீட்டுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறது. அழுகை வந்தது. மண்டபம் கைதட்டியது, எழுந்து நின்று தட்டியது. வீட்டுக்காரரின் பாட்டை அந்த அம்மா எப்படி மனசில் வைத்திருக்கிறாள் பார் என்று முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

கிளாட்ஸ்டனுக்கும் கண் கலங்கியிருந்தது. இதுதான் சமயம் என்று மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார், சொல்லுங்க மைனி, என் கணவரின் பூட்டனார் என்று காதருகே எடுத்துக்கொடுத்தார். என் கணவரின், என்றாள் ஞானப்பூ. மண்டபம் அடங்கியது. என் கணவரின், என்று மறுபடி சொன்னாள், அந்த இடத்தில் சிக்கிக்கொண்டது. ஓரத்தில் தங்கையா பிடிலோடு பார்த்துக்கொண்டிருந்தார், திருப்பத்தில் மறந்துபோய் அடுக்களைப் பக்கம் பார்க்கிறவரைப்போலவே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு மேசைமேல் கிடந்தது. மனதில் பெரிய பெரிய வாக்கியங்கள் எல்லாம் இருந்தன, இந்த மெட்டைக் கட்டியது நான், இதற்குப் பெயர் தொப்பி இல்லை, பால் என்று யாரும் இல்லை. அவை ஒன்றும் வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்றுதான்.

“பால் பொங்கிட்டு” என்றாள்.

மைக் அதை மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது. யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கிளாட்ஸ்டன் முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்புறம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். எத்தனை பிள்ளைகளின் தப்பான விடைகளைச் சரியாக்கினவர். “மைனி வாயால மங்கலமான வார்த்தை வந்துட்டு” என்றார். “புது வீடு போனா நாம என்ன செய்வோம், பால் காய்ச்சுவோம். பொங்கினதும் எல்லாரும் சொல்லுவோம்லா. இந்தப் புது மண்டபத்துக்கு அண்ணன் இல்லாத குறைய மைனி தீர்த்துட்டாக. பால்பாண்டி ஐயா புகழும் இப்படியே பொங்கட்டும்.” அதற்குக் கிடைத்த கைதட்டல் அதற்கு முன்னால் எதற்கும் கிடைக்கவில்லை. குருவானவர் கண்ணைத் திறந்து, தலையசைத்து, அவரும் தட்டினார். யாரோ அவள் தோளிலிருந்து நழுவின சால்வையை எடுத்து இழுத்துப் போர்த்தினார்கள். அவள் உட்கார்ந்தாள், அல்லது உட்காரவைக்கப்பட்டாள். சொல்லியாயிற்று. ஊர் முழுக்கக் கேட்க, அவள் பாஷையில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லியாயிற்று, எல்லாருக்கும் புரிந்தும் போயிற்று. இனி என்ன இருக்கிறது சொல்ல. கயிற்றை இழுத்தார்கள். பச்சைத் துணி சரிந்து விழுந்தது, அத்தனை தலையும் வாசல் பக்கம் திரும்பியது. மடிப்பு மடிப்பாகத் தலைப்பாகை நன்றாகத்தான் வந்திருந்தது.

ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. மோரக்குக்குத் தமிழ் தெரியாது, மங்கலம் தெரியாது, புது வீடு தெரியாது. அவள் காதில் விழுந்தது சத்தம் மட்டும்தான். பிடிலை மார்போடு அணைத்துக்கொண்டு ஞானப்பூவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை அசைத்துப் பார்த்தாள், பால், பொங்கிட்டு, பால், பானெட்டு. காலம் சொன்ன அதே மாதிரி. பிறகு கைதட்டல் ஓசைக்கு நடுவே குனிந்து, நாற்காலியோடு நாற்காலி இடிக்க, ரகசியம் போல ஆங்கிலத்தில் கேட்டாள், யார் இந்தப் பால் என்று. அந்த அளவு ஆங்கிலம் ஞானப்பூவுக்குத் தெரியும், பத்தாவதுவரை படித்தவள். இத்தனை வருஷத்தில் அதை அவளிடம் கேட்ட முதல் ஆள்.

“மில்க்” என்றாள் ஞானப்பூ.